எந்தத் தேதி?

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். "அறிவியல் மாணவியிடம் போய்க் கட்டுரை கேட்கலாமா?" என்று முதலில் தட்டிக் கழித்தேன். "அறிவியலைப் பற்றியே எழுதுங்கள், எங்களுக்கும் புரியும்படி எழுதுங்கள், அது போதும்" என்றார் அவர். புரியும்படி எழுதுவது எவ்வளவு அரிய செயல் என்பதைக் கடந்த ஓராண்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆதலின் அதையே எழுதத் துணிந்தேன். நண்பர்களே, இதை ஒரு கட்டுரை என்பதைவிட ஒப்புதல் வாக்குமூலம் என்பதே பொருந்தும். குற்றவாளி நான். குற்றம், எட்டே சொற்களில் நான் எழுதிய ஒரு வாக்கியம்.

நான் ஆறு வயதில் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவள். தோல் வேலைக்கென்று நம்மவர் இங்கு வந்து குடியேறியது பழங்கதை; என் தந்தையார் அக்கதையின் கடைசிப் பக்கங்களில் ஒருவர். 90 அடிச் சாலைக்குப் பின்னால், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. கீழே தோற்பை தைக்கும் சிறு பட்டறை, மேலே நாங்கள். கடிகாரம் இல்லாமலே எங்கள் சந்தில் பொழுது தெரியும். விடியற்காலையில் கிரைண்டர் சுற்றும் ஒலி கேட்டால் அடுத்த வீட்டு ஆச்சி இட்லிக்கு மாவு அரைக்கிறார் என்று பொருள். தந்தையாரின் தையல் எந்திரம் ஓடத் தொடங்கினால் மணி எட்டு.

தாராவியைப் புதுப்பிக்கும் திட்டம் பற்றி நீங்கள் நாளேடுகளில் படித்திருப்பீர்கள். 2024 மார்ச்சுத் திங்களில் வீடுவீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. திட்டத்தின் விதியில் ஒரு தேதி நடுநாயகமாக நிற்கிறது. தரைத்தளத்தில் 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே குடியிருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அதற்குப் பின், 2011 சனவரி 1 வரை வந்து குடியேறியவர்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை இலட்சம் ரூபாய் விலைக்கு. ஒரு தேதிக்கு இப்பக்கம் இருந்தால் சொந்த மண். அப்பக்கம் இருந்தால் வேறு ஊர். அன்று முதல் எங்கள் சந்தில் யார் யாரைக் கண்டாலும் ஒரே பேச்சு: "உங்க வீட்டுல பழைய தாள் என்ன இருக்கு?"

பழைய தாள் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனால் எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் பையில் சுருட்டிய குடும்ப அட்டை, பெஸ்ட் நிறுவனத்தின் மின்கட்டணச் சீட்டு, மகனின் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முதுகலையில் கணிப்பொறியியல் படிக்கிறேன் என்ற செருக்கு எனக்கு. "இதற்கு ஓர் எந்திர உதவியாளனைச் செய்துவிடலாம்" என்று தம்பியையும் இரண்டு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

இங்கே சற்று நின்று, அந்த உதவியாளன் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். மொழி மாதிரி என்பது சொற்களைப் படித்துச் சொற்களை எழுதும் எந்திரம். அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கோப்பைத் திறக்கவோ, கடிதம் அனுப்பவோ தானாக அதற்கு இயலாது. ஆதலின் நாம் அதற்குச் சில கருவிகளைக் கொடுக்கிறோம். கருவி என்றால் உளியும் சுத்தியலும் அல்ல. நாம் எழுதிய சிறு நிரல்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று சில வரி விளக்கம், அதற்கு என்னென்ன மதிப்புகள் தரவேண்டும் என்ற பட்டியல். எந்திரம் அந்தப் பட்டியலைப் படித்து, "இப்பொழுது இன்ன கருவியை இன்ன மதிப்போடு அழை" என்று எழுதுகிறது. நம் நிரல் அதை நிறைவேற்றி, விடையை எந்திரத்திடம் திரும்பக் கொடுக்கிறது. விடையைப் படித்து அது அடுத்த அடியை வைக்கிறது. இவ்வாறு தானே அடுத்தடுத்துச் செயல்படுவதால் அதற்கு ஏஜெண்டு என்று பெயர். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம்!

இம்முறை மிகப் புதியது. ஓப்பன் ஏஐ நிறுவனம் 2023 சூன் திங்களில் இவ்வகை அழைப்பைத் தன் மாதிரிகளில் பிறர் பயன்படுத்தத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோப்பிக் நிறுவனம், யார் செய்த கருவியையும் யாருடைய மாதிரியோடும் இணைப்பதற்கான ஒரு பொது நெறியை வெளியிட்டது. இன்று எங்கும் கருவிகள் மலிந்துவிட்டன.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கருவியின் உள்ளே நாம் எழுதிய நிரலை எந்திரம் பார்ப்பதில்லை. அது பார்ப்பது பெயரையும் விளக்கத்தையும் மதிப்புகளின் பட்டியலையும் மட்டுமே. பூட்டிய கடையின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே என்ன கிடைக்கும் என்று அறிய வேண்டிய நிலை அதற்கு. பலகையில் பிழை இருந்தால் வாடிக்கையாளர்மேல் குற்றம் சொல்லலாமா?

நாங்கள் நான்கு கருவிகள் செய்தோம். தாள்கள் யார் கையிலும் சிக்கக்கூடாது என்று, மடிக்கணினியிலேயே ஓடும் சிறிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டோம். விளக்கங்களைத் தமிழிலேயே எழுதினோம். 'தாள்_தேடு' ஒரு வீட்டின் தாள்களைப் பட்டியலிடும். 'தாள்_படி' ஒரு தாளில் உள்ளதைத் தரும். 'கடிதம்_எழுது' விண்ணப்பத்துக்கு வரைவு எழுதும். நான்காவது கருவிக்குத் 'தகுதி_பார்' என்று பெயரிட்டேன். அதன் விளக்கம் இது: "தேதியைக் கொடுத்தால் வீட்டுத் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும்." நிரலின் உள்ளே இருந்ததோ ஒரே வரி. கொடுத்த தேதி 2000 சனவரி 1க்கு முந்தியதானால் 'ஆம்', இல்லையானால் 'இல்லை'. எழுதி முடித்தபோது இதைவிட எளிதாக யாரால் எழுத முடியும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அடுத்த வீட்டு ஆச்சி தம் மஞ்சள் பையோடு வந்தார். கணவர் இறந்தபின் இட்லி விற்றே மூன்று மக்களையும் கரையேற்றியவர். நான் வீட்டில் இல்லை. தம்பி தாள்களைப் படமெடுத்து எந்திரத்திடம் கொடுத்தான். சில நொடிகளில் விடை வந்தது. தம்பி அதை உரக்கப் படித்தான்: "தாங்கள் விலையில்லா வீட்டுக்குத் தகுதியுடையவர் அல்லர்." ஆச்சி ஒன்றும் சொல்லாமல் பையை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான்கு நாட்கள் விடியற்காலையில் கிரைண்டர் ஒலி கேட்கவில்லை. படிப்பு மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஐந்தாம் நாள் காலையில் முன்பின் அறியாத ஒருவர் ஆச்சி வீட்டு வாசலில் நின்று கிரைண்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேச வந்தவர். "என்ன ஆச்சி இது?" என்று பதறிக் கேட்டேன். "ஊருக்குப் போறேன் ஏட்டி. இருக்கிற வீடு போயிரும்னு ஒங்க மெஷினே சொல்லிட்டு. அதுக்கு மேல இங்க என்ன இருக்கு?" என்றார்.

என் உடம்பு ஆடிவிட்டது. ஓடிவந்து மடிக்கணினியைத் திறந்து, அன்று எந்திரம் எடுத்துவைத்த அடிகள் ஒவ்வொன்றையும் படித்தேன். அது 'தாள்_தேடு' கருவியை அழைத்திருக்கிறது. பட்டியலில் முதலில் இருந்தது குடும்ப அட்டை. அது பழைய அட்டை கிழிந்துபோய் 2006இல் மாற்றி வாங்கிய அட்டை. அதில் அச்சிட்ட தேதியை எடுத்து, 'தகுதி_பார்' கருவிக்குக் கொடுத்திருக்கிறது. கருவி 'இல்லை' என்றது. எந்திரம் அதை அழகிய தமிழில் எழுதியது. அதே பையில், அதே பட்டியலில், ஏழாவதாக, அதே வீட்டின் 1993ஆம் ஆண்டு மின்கட்டணச் சீட்டு சும்மா கிடந்தது.

எந்திரத்தின்மேல் எனக்குக் கோபம் வந்தது. மீண்டும் என் வாக்கியத்தைப் படித்தேன். கோபம் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது. "தேதியைக் கொடுத்தால்" என்று எழுதியவள் நான். எந்தத் தேதி? அச்சிட்ட தேதியா, குடியேறிய தேதியா, தாளிலேயே மிகப் பழைய தேதியா? நான் சொல்லவில்லை. என் மனத்தில் இருந்தது; தாளில் இல்லை. எந்திரம் ஒரு தேதியைக் கண்டது, கொடுத்தது. சொன்னதைச் செய்தது.

அன்றிரவு தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பெரிதாகப் படித்தவரல்லர். பட்டறைக்குப் பீகாரிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். மறுநாள் காலை அவனுக்குத் தந்தையார் வேலை கற்றுக்கொடுத்ததை முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். தமக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், ஒவ்வொரு கத்தியாக எடுத்துச் சொன்னார். "இது தோலை அறுக்க. இது ஓரத்தைச் சீவி மெலிசாக்க. சீவுற கத்தியால அறுக்காதே, வாய் மழுங்கிப் போகும். அறுக்கிற கத்தியால சீவாதே, தோல் கிழிஞ்சுடும். ரெண்டுல எதுன்னு தெரியலைன்னா கையை வைக்காதே; என்னைக் கூப்பிடு." அவ்வளவுதான். இன்னது செய்யும், இன்னது செய்யாது, தவறாகப் பயன்படுத்தினால் இன்னது நேரும், ஐயம் வந்தால் கேள். நான் எட்டுச் சொற்களில் விட்டுவிட்டதையெல்லாம் அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நம் மன்றத்தின் நன்னூல் வகுப்புக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால், அவ்வகுப்புக்கு அதுவரை நான் வந்ததெல்லாம் வகுப்பு முடிந்தபின் கிடைக்கும் தேநீருக்காகத்தான். அன்று பாயிரப் பகுதி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்ததை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். முதல் குற்றத்தின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'குன்றக் கூறல்'. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல். என் எட்டுச் சொற்களுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள்!

அன்று முதல் அந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்து, கருவி விளக்கங்களைத் திருத்தத் தொடங்கினேன். என்ன நடந்தது தெரியுமா? குன்றக் கூறலுக்கு அஞ்சி, இரண்டாம் முறை ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பக்கம் எழுதினேன். தாராவியின் வரலாறு, திட்டத்தின் பின்னணி, குடும்ப அட்டையின் வகைகள் எல்லாம் அதில் இருந்தன. எந்திரம் முன்னைவிட அதிகமாகத் தடுமாறியது. காரணம் எளிது. விளக்கங்கள் அனைத்தையும் அது ஒவ்வொரு முறையும் படித்தாக வேண்டும். ஒரு நேரத்தில் அது மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய சொற்களுக்கு ஓர் அளவு உண்டு. வேண்டாத சொற்கள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் வேண்டிய சொல் அமுங்கிவிடும். இதற்குப் பெயர் 'மிகைபடக் கூறல்'. ஒரு குற்றத்திலிருந்து தப்பி இன்னொன்றில் விழுந்தேன்.

மூன்றாவதாகக் கண்டது 'மயங்க வைத்தல்'. 'தாள்_தேடு', 'தாள்_படி' ஆகிய இரண்டுக்கும் "வீட்டின் தாள்களைப் பார்க்க உதவும்" என்றே எழுதியிருந்தேன். எதை எப்போது அழைப்பது என்று எந்திரம் எவ்வாறு அறியும்? முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு அது நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றைப் பட்டியலுக்கும், மற்றொன்றைப் பட்டியலில் கண்ட ஒரு தாளைப் படிப்பதற்கும் என்று பிரித்து எழுதினேன்.

நான்காவது 'மாறுகொளக் கூறல்'. ஓரிடத்தில் "ஆண்டு மட்டும் போதும்" என்று எழுதி, அடுத்த வரியில் 03-08-93 என்று எடுத்துக்காட்டுத் தந்திருந்தேன். அது ஆகஸ்டு 3ஆ, மார்ச்சு 8ஆ? இந்தியர் ஒன்று நினைப்பார். அமெரிக்கர் வேறொன்று நினைப்பார். இருவர் எழுத்தையும் படித்து வளர்ந்த எந்திரம் எதை நினைக்கும்?

எண்ணுக்குப் பக்கத்தில் அதன் பொருளை எழுதாததால் வந்த கேடு உலகறிந்தது. செவ்வாய்க்கோளைச் சுற்றிவர அமெரிக்கா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொடர்பற்றுப் போயிற்று. உந்துவிசைக் கணக்கை ஒரு நிரல் பவுண்டு அலகில் தந்தது. அதை வாங்கிய நிரல் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒன்று மற்றொன்றைப்போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு. செவ்வாயிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து சென்று அழிந்தது. அங்கே இருந்தவர்கள் என்னைப்போல் மாணவர்களும் அல்லர். எண் மட்டும் பயணம் செய்தது. அலகு வீட்டிலேயே தங்கிவிட்டது.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் சுட்டது 'வழூஉச்சொல் புணர்த்தல்', அதாவது பிழைபட்ட சொல்லை வைத்தல். கருவிக்குத் 'தகுதி_பார்' என்று பெயர் வைத்தேனே, அது தகுதியைப் பார்த்ததா? இரண்டு தேதிகளை ஒப்பிட்டது, அவ்வளவே. தகுதியைச் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள். ஓர் ஒப்பீட்டுக்குத் தீர்ப்பு என்று நான் பெயரிட்டதால், எந்திரம் அதைத் தீர்ப்பாகவே வாசித்தது. தம்பியும் அவ்வாறே வாசித்தான். ஆச்சியும் அவ்வாறே கேட்டார். ஒரு பெயரில் நான் செய்த மிகைப்பாடு மூன்று பேரைக் கடந்து ஒரு கிழவியின் கிரைண்டரை நிறுத்தியது.

இப்போது அந்தக் கருவியின் பெயர் 'ஆண்டு_ஒப்பிடு'. அதன் விளக்கத்தை உங்கள் முன் வைக்கிறேன்:

"ஒருவர் ஒரு வீட்டில் குடியிருந்ததைக் காட்டும் மிகப் பழைய தாளின் தேதியை 2000 சனவரி 1ஆம் நாளோடு ஒப்பிடும். முன், பின் என்று மட்டும் சொல்லும்; தகுதியை முடிவு செய்யாது. அவ்வீட்டின் எல்லாத் தாள்களையும் படித்த பின்னரே இதை அழைக்கவும். தேதியை ஆண்டு-திங்கள்-நாள் என்ற வரிசையில் தரவும், எடுத்துக்காட்டு: 1993-08-14. மாற்றி வாங்கிய அட்டையானால் அதன் அச்சுத் தேதியைத் தர வேண்டாம். எந்தத் தேதி என்று ஐயம் இருந்தால் அழைக்காமல் வீட்டாரைக் கேட்கவும்."

விடையையும் திருத்தினேன். முன்பு, தேதி பிந்தியதானாலும் 'இல்லை'. தேதியே கிடைக்காவிட்டாலும் 'இல்லை'. இரண்டு பொருளுக்கு ஒரு சொல். இப்போது தேதி கிடைக்காவிட்டால், "இன்னின்ன தாள்களைப் பார்த்தேன், குடியேறிய ஆண்டு தெரியவில்லை, வீட்டாரைக் கேட்டு மீண்டும் அழைக்கவும்" என்று கருவி விடை தருகிறது. பிழைச் செய்தியும் ஒரு விளக்கமே. 'முடியாது' என்று மட்டும் சொல்லும் எழுத்தரைவிட, "மூன்றாம் சன்னலுக்குப் போங்கள்" என்று சொல்லும் எழுத்தர் நல்லவர் அல்லவா?

சில இடங்களில் விளக்கத்தைத் திருத்துவதைவிடக் கருவியையே திருத்துவது மேல். ஆந்த்ரோப்பிக் நிறுவனத்தார் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு குறிப்பில் தம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார்கள். கோப்புகளைத் திருத்தும் ஏஜெண்டு, அடைவு மாறியதும் கோப்பின் இருப்பிடத்தைத் தவறாகக் கொடுத்துக்கொண்டே இருந்ததாம். கோப்பின் முழு முகவரியை மட்டுமே கருவி ஏற்கும்படி மாற்றியவுடன் அந்தப் பிழை நின்றுவிட்டதாம். சப்பானியத் தொழிற்சாலைகளில் இம்முறைக்குப் 'போக்கா யோக்கே' என்று பெயர். தவறு செய்யவே வழியில்லாதபடி பொருளை அமைத்தல். நானும், 'கடிதம்_எழுது' கருவிக்கு அனுப்பும் ஆற்றலே இல்லாதபடி செய்துவிட்டேன். அது வரைவை மட்டும் எழுதும். கையெழுத்திட்டு அனுப்புவது மனிதர் வேலை.

நம் நகரத்திலேயே இதற்கு ஆசான்கள் இருக்கிறார்கள். 1890 அளவில் தொடங்கிய டப்பாவாலா முறையைப் பாருங்கள். ஒரு சோற்று டப்பா வீட்டிலிருந்து அலுவலகம் சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. மூடிமேல் எழுதிய சில எழுத்துகளும் எண்களுமே வழிகாட்டி. எந்த நிலையத்தில் இறக்குவது, எந்தக் கட்டடம், எந்த மாடி என்பது அதில் இருக்கும். உள்ளே சாம்பாரா பருப்பா என்று இருக்காது. அடுத்த கைக்கு எது வேண்டுமோ அது முழுவதும் உண்டு. வேண்டாதது ஒன்றும் இல்லை. குன்றவும் கூறவில்லை, மிகைபடவும் கூறவில்லை. மாட்டுங்கா நிலையத்தில் அந்த மூடிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; இவ்வளவு நாள் படிக்காமல் விட்டேன்.

எழுதிய விளக்கம் சரியா என்று அறிய ஒரு வழி கண்டுபிடித்தேன். தம்பி வணிகவியல் மாணவன், நிரல் அறியான். விளக்கங்களை மட்டும் அவன் கையில் கொடுத்து, "நீதான் எந்திரம். இந்தப் பையில் உள்ள தாள்களுக்கு எந்தக் கருவியை, என்ன மதிப்போடு அழைப்பாய் என்று எழுது" என்பேன். நான் பக்கத்தில் இருந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அவன் தவறினால் விளக்கம் தவறு. முதல் நாள் அவன் பலமுறை வழி தவறினான், ஒவ்வொரு முறையும் "இது எனக்குத் தெரியாதா?" என்று வாதாடத் தோன்றும். எனக்குத் தெரியும், விளக்கத்துக்குத் தெரியவில்லை. அவன் தவறாமல் நடந்த பின்னரே விடை அறிந்த பழைய தாள்களை எந்திரத்துக்குக் கொடுத்துச் சோதித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறர் எழுதிய கருவிகளை இணைக்கும்போது அவற்றின் விளக்கங்களை நாம் படிக்காமல் இணைக்கக்கூடாது. எந்திரம் விளக்கத்தை நம்பி நடப்பதால், தீயவர் அதற்குள்ளேயே மறைமுகக் கட்டளைகளை எழுதிவைத்து அதைத் திசைதிருப்ப முடியும். படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கும் பொருந்தும்.

ஆச்சியின் கதையை முடிக்க வேண்டும். அந்த ஐந்தாம் நாளே 1993ஆம் ஆண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சீட்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "இது அவுக போய்க் கட்டுன கரண்டு பில்லு" என்றார், கணவரை நினைத்து. பிறகு என்னைப் பார்த்து, "எந்தத் தேதின்னு அது கேக்கலையா? அது கேக்கலன்னா நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ஏட்டி" என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான்கு கருவிகள் செய்தேன். ஐந்தாவதாக 'வீட்டாரைக் கேள்' என்று ஒன்று செய்ய எனக்குத் தோன்றவில்லை. அறியாதவர்க்கு அறிவு புகட்டப் போகிறேன் என்ற எண்ணத்தில், அறிந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டேன்.

இரண்டு திங்கள் கழித்து ஆச்சி மீண்டும் தம் மஞ்சள் பையோடு வந்தார். இம்முறை நானே உடனிருந்தேன். எந்திரம் எல்லாத் தாள்களையும் படித்துவிட்டு, "1993ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் முன்பே இந்த வீட்டுக்கு வந்தீர்களா? அந்த ஆண்டைக் காட்டும் தாள் வேறு ஏதும் உண்டா?" என்று கேட்டது. ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். "இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுது" என்றார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து 1989ஆம் ஆண்டு மகனைப் பள்ளியில் சேர்த்த சீட்டைக் கொண்டுவந்தார். இதே சந்தின் முகவரி அதில் இருந்தது. அவர் வீட்டைப் பற்றிய முடிவு இன்னும் அதிகாரிகளிடமிருந்து வரவில்லை. வரும்போது வரட்டும். கிரைண்டர் மட்டும் விடியற்காலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே, நாளை உங்களில் பலர் எந்திரங்களுக்கு விளக்கம் எழுதப் போகிறீர்கள். எழுதாதவர்களும் தம்பிக்கோ, புதிதாக வந்த உடன்பணியாளர்க்கோ ஒரு வேலையை விளக்கத்தான் போகிறீர்கள். எழுதி முடித்ததும், உங்கள் மனத்தைக் காணாத ஒருவர் அத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தேநீருக்காகவேனும் நன்னூல் வகுப்புக்கு வாருங்கள். ஐயம் வந்தால் கேட்கலாம் என்ற வரியை மட்டும் எந்த விளக்கத்திலும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், அதன் விலையை நான்கு நாட்கள் ஆச்சி கொடுத்தார்.